தலையீத்துக்கு ஒரு காளை

– அந்தக் கறுப்பனா? அது காளையா, இல்ல கொஞ்சம் வளர்ந்த ஆடாடா?

– அக்கா, மெல்லப் பேசு. அதுக்குக் காது நல்லாக் கேக்கும்.

– கேக்கட்டுமே. நான் கேக்கறேன் கெரெங், நேத்து பிரான்சிஸ்டவுன்ல இருந்து மூணு மணி நேரம் பஸ்ஸு. செரோவேயில இறங்கி உன் லொடலொட வண்டியில மணலுக்குள்ள ரெண்டு மணி நேரம். என் இடுப்பு எங்கே இருக்குன்னு நான் இப்பதான் தேடிக்கிட்டிருக்கேன். இவ்வளவும் எதுக்கு? என் ஒரே ஒரு கிடேரிக்கு மாப்பிள்ளை பார்க்க. நீ என்னடான்னா என் முழங்கால் உசரத்துல ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்துற.

– நாட்டுக் காளைக்கா. இந்த மண்ணுலயே பொறந்தது. உண்ணி கடிச்சா சட்டை பண்ணாது. தண்ணி இல்லாட்டியும் ரெண்டு நாள் நடக்கும்.

– நடக்கட்டும், நல்லா நடக்கட்டும். நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா ஆள் தேடறேன்? பக்கத்துல துமோ அப்பாவோட மாட்டுப் பட்டியில ஒண்ணு நிக்குதே, வர்ற வழியில பார்த்தேன். உடம்பு செவப்பு, மூஞ்சி வெள்ளை. அம்மாடி! குறுக்கே நின்னா எங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸே திரும்பிப் போயிடும்.

– அது கிடக்கட்டும் அக்கா. அதுக்குக் கால்ல ஏதோ நோவு.

– யார் சொன்னா?

– சொன்னாங்க.

– நாலு காலையும் ஊனித்தானேடா நின்னுச்சு?

– பொல்லாத மாடு வேற. போன வருஷம் ஒரு ஆளை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடுச்சு.

– கால் நோவோடவா? சப்பைக்கட்டு கட்டாத. உனக்கும் துமோ அப்பாவுக்கும் ஏதாவது சண்டையா? தண்ணித் தொட்டித் தகராறா?

– சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல.

– அப்ப சரி. ஏன்னா நான் காலையிலயே அவருக்குப் போன் பண்ணிட்டேன்.

– யாருக்கு?

– துமோ அப்பாவுக்குத்தான். ‘அண்ணே, என் தம்பி பட்டியில எனக்கு ஒரு கிடேரி இருக்கு, முதல் தடவையா காளைக்கு விடணும், உங்க செவப்பனைக் கொஞ்ச நாள் விட்டுவைங்க’ன்னு கேட்டேன். மனுஷன் சிரிச்சாரு.

– சிரிச்சாரா?

– ஆமாம். ‘மதியத்துக்குள்ள நேர்லயே வந்து பேசறேம்மா’ன்னாரு. அவரு எப்பவுமே சிரிக்கிற ஆளா?

– இல்ல.

– என்னடா, முகம் இப்படி வேர்க்குது?

– ஜனவரி கோடை வெயிலுக்கா. வேர்க்காம என்ன செய்யும்.

– அத்தை! டீ கொண்டாந்துட்டேன். பொரிச்ச மாவு உருண்டையும் இருக்கு, சூட்டோட கடிங்க. அப்பா, உனக்கு மூணு சக்கரை போட்டாச்சு, நாலாவது கேக்காத.

– இதோ, வாமேயே வந்துட்டாளே! உங்கப்பன் என்னைக் கிறுக்கி ஆக்கப் பார்க்கறான். நீ சொல்லு. என் செவலைக் கிடேரிக்குத் தண்ணி காட்டறவ நீதானே?

– செவலையா? அதுக்கு நான் ‘மாமியா’ன்னு பேர் வச்சிருக்கேன் அத்தை. தொட்டியில அது குடிச்சு முடிச்சாத்தான் மத்ததெல்லாம் வாயே வைக்கணும். பெரிய பசு கூட ஒதுங்கி நிக்கும். நான் கூப்பிட்டா மட்டும் வரும், உப்புக்கட்டி கேட்டு என் சட்டைப் பையை நக்கும்.

– நல்ல மாமியாதான். அதுக்கு எந்தக் காளை பொருந்தும், நீ சொல்லு.

– காளையா? அது எந்தக் காளையையும் கிட்டவே சேர்க்கலையே. அன்னைக்குக் கறுப்பன் மெதுவா மோந்து பார்க்கப் போனான். விட்டுச்சு ஒரு உதை, அவன் தொட்டியைச் சுத்தி ஓடினான் பாருங்க! அது காளை கேட்டுக் கத்தியே நாலு மாசம் இருக்கும் அத்தை.

– வாமே, போய்க் கன்னுகளை அவுத்து விடு.

– விடிஞ்சதுமே அவுத்தாச்சுப்பா.

– அப்ப போய்க் கட்டு.

– அத்தை, அப்பாவுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு. தண்ணி தெளிச்சு வைங்க, நான் வர்றேன்.

– நல்ல பொண்ணுடா கெரெங். வாய் மட்டும் என்னை மாதிரி. இருபத்திரண்டு வயசாச்சு, டவுனுக்கு ஓடறேன்னு ஒரு பேச்சு இல்ல, மாட்டோட மாடா நிக்கிறா. ஆமா, நாலு மாசமாக் கத்தலையா அது? எங்க வார்டுல ஒருத்தி வந்து நாலு மாசமாத் தள்ளிப்போகுதுன்னா நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்.

– மழை பிந்திப்போச்சுல்ல அக்கா. டிசம்பர் வரைக்கும் புல்லு ஏது? தீனி இல்லாட்டி மாடு அப்படித்தான் அடங்கிடும். இனிமே கத்தும்.

– நீ சொன்னா சரி. மாட்டு விஷயத்துல உனக்கு மேல எனக்கு என்ன தெரியும்? இருபத்தெட்டு வருஷமா மனுசப் பிள்ளையை எடுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன், மாட்டுக்கு முன்னாடி நின்னா இன்னும் பயம்தான். ஆனா இது ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. வளர்க்கறவனுக்கு முதல் கன்னுங்கிறது நம்ம வழக்கம். கிடேரி என்னுது, அது போடற முதல் கன்னு உன்னுது. செவப்பனை விட்டா உனக்குத்தானேடா பெரிய கன்னு? உன் கன்னைப் பெருசாக்க நான் அலையறேன், நீயே வேண்டாங்கிற!

– அக்கா, இது தலையீத்து. அதைப் புரிஞ்சுக்கோ. கிடேரி இன்னும் வளர்ந்து முடியல. பின்பக்கமாப் போய் நின்னு பாரு, இடுப்பெலும்பு ரெண்டுக்கும் நடுவுல என் கை ஒரு சாண் கூட விரியாது. கன்னோட தலையும் தோளும் காளை மாதிரிதான் வரும். செவப்பன் தோளைப் பார்த்தேல்ல? அந்தத் தோள் அந்த வழியில எப்படி வெளியே வரும்? கறுப்பன் கன்னு பூனைக்குட்டி மாதிரி வழுக்கி விழுந்துடும். ரெண்டாவது ஈத்து, மூணாவது ஈத்துன்னா எந்தக் காளை வேணாலும் விடு, நான் தடுக்க மாட்டேன். முதல் ஈத்துக்குப் பெரிய காளை கூடாது. பாதி கன்னு வெளியே, பாதி உள்ளேன்னு மாடு மணல்ல கிடந்து கத்தும் பாரு... நான் பார்த்திருக்கேன். கயித்தைக் கட்டி நாலு பேர் இழுப்பாங்க. கன்னும் போகும், தாயும் போகும்.

– போதும்டா. நிறுத்து.

– உனக்குத் தெரியாததா?

– தெரியும். போன குளிர்ல ஒரு பிள்ளையைக் கழுதை வண்டியில கொண்டாந்தாங்க. பதினாறு வயசு. ரெண்டு நாளா வலி. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல, இங்கே பாரு, நகம் பட்ட தழும்பு இன்னும் இருக்கு. குழந்தை தலை அவ்வளவு பெருசு. அவளைக் காப்பாத்திட்டோம். குழந்தையை முடியல. அதையெல்லாம் பார்த்தவ, மாடுன்னதும் பெருசு பெருசுன்னு ஆலாப் பறக்கறேன் பாரு. மாட்டுக்கு மட்டும் வேற இடுப்பா? சரிடா. கறுப்பனே இருக்கட்டும். துமோ அப்பா வந்தா ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிடறேன்.

– அவரை வர வேண்டாம்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லேன்.

– பாதி வழி வந்திருப்பாரு, அது மரியாதையா? டேய், இங்கே பாரு. எனக்கு அழுகையா வருது.

– எதுக்கு?

– வேற எவனா இருந்தாலும் என்ன செஞ்சிருப்பான்? மாடு அவனுது இல்ல, கன்னு மட்டும் அவனுது. மாடு எக்கேடோ கெடட்டும், கன்னு பெருசா வரட்டும்னு செவப்பனைத்தானே விட்டிருப்பான்? நீ எனக்காக உன் கன்னைச் சின்னதாக்கிக்கறியே.

– அக்கா, விடு.

– ஏன் விடணும்? நான் சொல்லுவேன். அம்மா படுக்கையில கிடந்த மூணு வருஷமும் நீதான் கூழு காய்ச்சி ஊத்துன. நான் மாசம் ஒரு நாள் வந்து நெத்தியில கை வச்சுட்டுப் போவேன், ஊரே என்னைத்தான் மெச்சும். அது இன்னும் எனக்கு நெஞ்சுல உறுத்துது.

– என் கல்யாணத்துக்கு உன் பரிச மாடுதானே போச்சு. உன் வீட்டுக்காரர் கொடுத்த எட்டு மாட்டையும் அப்படியே ஓட்டிக்கிட்டுப் போய்த்தானே நான் பொண்ணு கேட்டேன். உன்னாலதான் எனக்குக் குடும்பமே.

– அது அக்கா தம்பின்னா உள்ளதுதான். நம்ம வீட்டுல மட்டுமா நடந்துச்சு? நான் சொல்றது இது. நீ என்னை மாதிரி இல்ல, மனசு சுத்தம். என் சிநேகிதிங்க கிட்ட எல்லாம் சொல்லுவேன், பட்டியை ஒருத்தன் கையில கண்ணை மூடிக்கிட்டு விடணும்னா என் தம்பி...

– அக்கா, காளை பார்க்க வேண்டாம்.

– ஏன்?

– பார்த்தாச்சு.

– என்ன பார்த்தாச்சு? யாரு பார்த்தா?

– நான்தான். செப்டம்பர்லயே.

– புரியற மாதிரிப் பேசு.

– அது சினை அக்கா. செவலை சினையா இருக்கு. செவப்பனுக்கு.

– வேலி தாண்டி வந்துடுச்சா அந்தக் காளை?

– ஆமான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. ஆனா காளை வரல. நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். அது காளைக்குக் கத்துச்சு. உச்சி வெயில், எல்லாரும் நிழல்ல தூங்கிட்டிருந்தாங்க. துமோ அப்பா பட்டிக் கம்பிக் கதவை நானே அவுத்தேன்.

– அவரைக் கேட்டியா?

– கேக்கல. மறுநாள் மணல்ல தடம் பார்த்து அவரே கண்டுபிடிச்சிட்டாரு. கிடேரிக் குளம்பு, பக்கத்துல என் தேஞ்ச செருப்பு. அதான் சிரிச்சிருக்காரு.

– செப்டம்பர்ல அதுக்கு என்ன வயசுடா?

– ஒண்ணேகால் வருஷம்.

– புல்லு இல்லாத நேரம். எலும்பும் தோலுமா இருந்திருக்கும்.

– ஆமாம். செவப்பன் பாரம் தாங்காம முன்னங்கால் மடிஞ்சு மணல்ல உக்காந்துடுச்சு. எழுந்து நின்னு என்னையே பார்த்துச்சு அக்கா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். பிடிச்சுச்சோ இல்லையோன்னு சாயங்காலம் இன்னொரு தடவை கொண்டு போனேன்.

– இன்னொரு தடவை.

– ஆமாம்.

– ஒரு சாண் கூட விரியாதுன்னு இப்ப எனக்குப் பாடம் நடத்துனியே. தலை, தோளு, கயிறு கட்டி நாலு பேரு! இவ்வளவும் தெரிஞ்சேவா கொண்டு போன?

– இதெல்லாம் அப்புறம் மாட்டு டாக்டர் சொன்னது.

– பொய் சொல்லாத.

– பாதி டாக்டர் சொன்னது. பாதி எனக்கே தெரியும்.

– நான் கேக்கறேன், எதுக்குடா? சோத்துக்கு இல்லையா உனக்கு?

– சோத்துக்கு என்ன குறைச்சல். ரோட்டுல போறவன் எல்லாம் துமோ அப்பா பட்டிகிட்ட வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கறான். என் பட்டியை ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்ல. ஒரே ஒரு கன்னு, செவப்பா, வெள்ளை மூஞ்சியோட என் பட்டியில நிக்கணும்னு இருந்துச்சு. மாடு உன்னுது. போனாலும் என் மாடு போகப் போறதில்லன்னு உள்ளுக்குள்ள ஒரு மூலையில ஓடுச்சு. ஓடலன்னு சொல்ல மாட்டேன்.

– அடப்பாவி.

– திட்டு அக்கா.

– நான் திட்டினா உனக்கு லேசாயிடும். மாட்டேன். இன்னைக்குக் கறுப்பனைத் தலையில தூக்கி வச்சு ஆடினியே, அது எதுக்கு? வயித்துல கன்னு இருக்கும்போது அவனை விட்டு என்ன செய்ய?

– நீ சரின்னு சொல்லிட்டா, நாளைக்கு ஏதாவது ஆனாலும்...

– கறுப்பன் மேல பழியைப் போட்டுடலாம்.

– ஆமாம்.

– ஜூன்ல ஈனுமே, மாசக் கணக்கு இடிக்குமே?

– மாட்டுல உனக்கு என்ன தெரியும்னு நினைச்சேன்.

– செவப்பா வெள்ளை மூஞ்சியோட ஒண்ணு வந்து விழுந்தா?

– அதை நான் யோசிக்கல அக்கா.

– திருடறவனுக்கு அந்தப் புத்தியாவது முழுசா இருக்கணும். ஜூன் குளிரு, புல்லு காஞ்சிருக்கும், நிக்கவே தெம்பு இருக்காது. அங்கே கிடந்து முக்கப் போகுது அது. அந்த டாக்டர் வேற என்ன சொன்னாரு? எதுக்கு வந்தாரு?

– தடுப்பூசி போட வந்தாரு. மூணு வாரம் ஆச்சு. கையை விட்டுப் பார்த்துட்டு, ‘கெரெங், இது யார் செஞ்ச வேலை?’ன்னாரு. கன்னு தங்கினா கிடேரி பிழைக்கிறது சந்தேகம்னாரு. ஒரு ஊசி கொடுத்தாரு. போட்டா ரெண்டு மூணு நாள்ல கலைஞ்சிடுமாம். நாலு மாசம் தாண்டினா அந்த ஊசி பிடிக்காதாம்.

– எங்கே அந்த ஊசி?

– உள்ளே, தண்ணிப் பானைக்குப் பின்னாடி. ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன்.

– மூணு வாரமாவா?

– தினமும் விடிஞ்சதும் கையில எடுப்பேன். பட்டி வரைக்கும் போவேன். அது வந்து என் கையை மோந்து பார்க்கும். கன்னு இந்நேரம் இவ்வளவு இருக்குமே, முகத்துல வெள்ளை விழுந்திருக்குமேன்னு தோணும். திரும்பக் கொண்டாந்து வச்சிடுவேன்.

– கெடு என்னைக்கு?

– நாளைக்கு வெள்ளிக்கிழமையோட முடியுது.

– நான் நேத்து வராம இருந்திருந்தா?

– தெரியலக்கா. சத்தியமாத் தெரியல.

– அதோ, தூசி கிளம்புது. துமோ அப்பா வண்டியா?

– அவருதான்.

– தூசி தெரிஞ்சதாலதான் சொன்னியா?

– அதாலயும்தான். ஆனா நீ திட்டிக்கிட்டே இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மனசு சுத்தம்னு சொன்னே பாரு, அதுதான் என்னால தாங்க முடியல. அம்மாவுக்குக் கூழு ஊத்தினவன் நான்தான். இதைச் செஞ்சவனும் நான்தான். நீ ஒருத்தனை மட்டும் பார்த்துட்டுப் பேசற.

– இப்ப என்ன செய்யப் போற?

– நீ சொல்லு.

– நான் சொல்ல மாட்டேன். கன்னு உன்னுது. உன் வாயால சொல்லு.

– எனக்குக் கன்னு வேண்டாம். இப்பவே ஊசியைப் போடறேன்.

– நிஜமா?

– நிஜமா. செவப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். இனிமே முதல் கன்னுங்கிற பேச்சே வேண்டாம். அது நல்லா வளரட்டும், மறு வருஷம் நீயே வந்து காளை பாரு. நீ காட்டற காளையை விடறேன். இல்ல, என் பட்டியே வேண்டாம்னா வேற யார்கிட்டயாவது ஓட்டிக்கிட்டுப் போ, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

– ம்.

– என்னை மன்னிச்சிட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு அக்கா.

– என்கிட்டக் கேக்காத.

– உன் மாட்டுக்குத்தானே தப்புப் பண்ணினேன்? வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்?

– துமோ அப்பாவுக்கு நான் டீ கொடுத்துக்கறேன், நீ ஊசியை எடுத்துக்கிட்டுத் தொட்டிகிட்டப் போய் உன் பொண்ணுகிட்ட முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லு. நீ செவலையை ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு முந்தின மாசமே கால்நடை ஆபீஸ்ல அதை வாமே பேருக்கு மாத்தி எழுதிட்டேன்டா, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.